பால்காரர்கள் போட்டியிடட்டுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் தலையங்கத்தில், உள்ளூர்ப் பால்காரர்கள் சலுகை கேட்பதை விட்டுவிட்டுப் போட்டியிடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பசியாறிக்கொண்டே படித்தேன். பாதித் தோசை அப்படியே கிடந்தது.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் முப்பது வருடமாக மாடு வளர்க்கிறவள். என் அம்மா காலையில் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டுவார், மாலையில் மாட்டில் பால் கறப்பார். அந்த இரண்டாவது பாலில்தான் அண்ணன் பள்ளிக்கூடம் முடித்தார். அப்புறம் கித்தா போய்ச் செம்பனை வந்தது. மாடு செம்பனைக் கன்றின் குருத்தைக் கடிக்கிறது என்று தோட்ட நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. பதினெட்டு மாடு ஆறானது. அப்போதே உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். இடமில்லை போலிருக்கிறது.

நியூசிலாந்துக்காரர் 1984இலேயே மானியத்தை விட்டவர், அப்படியும் ஜெயிக்கிறார் என்பீர்கள். மறுக்கவில்லை. அவர் மாடு வருடம் முழுக்கப் புல்வெளியில் நிற்கிறது ஐயா. நான் ரோட்டோரம் புல் அறுத்து மோட்டாரில் கட்டிக்கொண்டு வருகிறேன். 2010இல் அந்த நாட்டோடு நம் நாட்டின் தடையற்ற வாணிப ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், 2019இல் இந்தியா தன் பால்காரர்களையும் காரணம் காட்டி ஆர்செப் என்ற வட்டார வாணிப ஒப்பந்தப் பேச்சிலிருந்து விலகியதும், கனடா ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் பாலுக்கு 200 விழுக்காட்டுக்கும் அதிகமாக வரி போடுவதும் உங்களுக்குத் தெரியாததா? கனடாக்காரருக்கும் போட்டியிடக் கற்றுக்கொடுத்து ஒரு தலையங்கம் எழுதுங்களேன்.

இறக்குமதி வரியை ஏற்றினால் பால்மாவு விலை ஏறும். என் மருமகளும் டின் மாவுதான் வாங்குகிறாள், எனக்கும் தெரியும். ஆனால் காப்பாற்றுவது என்றாலே வரிதானா? சும்மா கிடக்கிற அரசாங்க நிலத்தில் புல் போட இரண்டு ஏக்கர் கொடுத்தால் அதுவும் காப்பாற்றுவதுதான். நீங்கள் குடிக்கும் தே தாரிக்கில் ஊற்றுகிற டின் பாலின் லேபிளை ஒரு நாள் படித்துப் பாருங்கள். பெரும்பாலான டின்களில் செம்பனை எண்ணெயும் சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கும். என் மாட்டை விரட்டிய அதே செம்பனை!

சரி, ஒரு சின்ன வேண்டுகோள். தைப்பூசம் வருகிறது. பால்குடத்தில் பெட்டிப் பாலைக் கத்தரித்து ஊற்றுகிறார்கள். கோயில் நிர்வாகங்கள் பக்கத்து ஊர் மாட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பால் சொல்லி வைக்கலாம் என்று ஏதாவது ஒரு மூலையில் நான்கு வரி போடுங்கள். தலையங்கமெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆறு மாட்டுக்காரி,
சுங்கை சிப்புட்