சிடிஐயை மாற்றும் முன்

பாம்பன்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்தபோது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கும் எல்லோரும் சுகம். சின்னவன் ஐடிஐ முடித்துவிட்டு என்கூடவே பட்டறையில் நிற்கிறான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் ஜூன் 14 வரை கரையில்தான். ஃபைபர் படகுகள் போய்வருகின்றன, அதனால் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வேலை ஓயவில்லை.

சரி, உன் படகு எஞ்சினுக்கு வருகிறேன். காலையில் ஒழுங்காகப் பிடிக்கிறது, அரை மணி நேரம் ஓடிவிட்டுக் கடலில் நின்றுவிடுகிறது, சற்று ஆறவிட்டு இழுத்தால் மறுபடி பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மெக்கானிக், பிளக்குக்குக் கரண்டு விடுகிற பெட்டியான சிடிஐ யூனிட்டை மாற்றச் சொல்கிறார் என்கிறாய். பணத்தைக் கட்டிவிடாதே மச்சான். கரண்டு சாமானை ஒருமுறை மாட்டிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். முதலில் தெரிய வேண்டியது, எஞ்சின் நிற்கும்போது இல்லாமல் போவது பிளக்கில் பொறி விடும் கரண்டா, எரிய வேண்டிய எண்ணெயா என்பதுதான்.

டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருக்கிறதே, அது மூடிக் கிடந்தாலும் இதே கோளாறுதான் வரும். உள்ளே காற்று புகாமல் டேங்க் இறுகி, எண்ணெய் வருவது நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் மெல்லக் காற்று கசிந்து மறுபடி ஓடும். பார்க்கிறவர்கள் சூட்டில் கரண்டு போகிறது என்றே நினைப்பார்கள். அதனால் எஞ்சின் நின்ற அந்த நிமிஷமே எண்ணெய் வரும் ஹோஸில் உள்ள, கையால் அமுக்கும் ரப்பர் பல்பைத் தொட்டுப் பார். சப்பிப்போய் இருந்தால் திருகைத் திற, சிடிஐக்கு வேலையே இல்லை.

பல்பு கெட்டியாக இருந்தால், எஞ்சின் சூடாக இருக்கும்போதே கரண்டைப் பார்த்துவிடு. ஆறின பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஸ்பேர் பிளக் ஒன்றைக் கரண்டு வயர் முனையில் உள்ள கேப்பில் செருகி, அதன் உடம்பை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் நன்றாகப் படியவைத்துக் கயிற்றை இழு. பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதே, பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கையால் பிடிக்கவும் வேண்டாம். கேப்பை எர்த் இல்லாமல் தொங்கவிட்டும் இழுக்காதே, நல்ல சிடிஐயும் அதில் கெட்டுப்போகலாம்.

உன்னுடையது ரெட்டை சிலிண்டர். ஒன்றில் மட்டும் கரண்டு இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பிளக், கேப், இக்னிஷன் காயில் இவற்றைப் பார். இரண்டிலும் ஒரே நேரத்தில் போனால் இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும். அதில் முதலில் வருவது ஸ்டாப் சுவிட்ச். சிவப்புக் கயிறு மாட்டுகிற அந்தச் சுவிட்சுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துவிட்டால் கரண்டு அங்கேயே எர்த் ஆகிவிடும். அதன் வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார், கரண்டு வந்தால் கோளாறு சுவிட்சில்தான். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்: வயரைக் கழற்றிய நிலையில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் சுவிட்சால் நிறுத்த முடியாது, காற்றை அடைக்கும் சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சுவிட்ச் நல்லதென்றால் எனக்கு, எஞ்சின் தலையில் சுற்றும் சக்கரமான பிளைவீலுக்கு அடியில் இருக்கும் சார்ஜ் காயில் மேல்தான் சந்தேகம். பிளைவீல் காந்தம் சுற்றும்போது கரண்டு பிறப்பது அதில்தான். சிடிஐ அதை வாங்கிச் சேர்த்துவைத்து, நேரம் காட்டும் பல்சர் காயில் தட்டிக்கொடுக்கும்போது இக்னிஷன் காயிலுக்கு விடுகிறது, அவ்வளவுதான். காயிலின் மெல்லிய கம்பியில் ஒரு விரிசல் இருந்தால், குளிர்ந்திருக்கும்போது முனைகள் ஒட்டி நிற்கும், சூடேறினால் விலகிவிடும். போன வாரம் இங்கே ஒரு வள்ளத்து எஞ்சினில் இதையேதான் பார்த்தோம். குளிர்ந்த காயிலில் மீட்டர் ஒழுங்கான ஓம் காட்டியது. சின்னவன் அக்காவின் முடி காயவைக்கும் மெஷினை எடுத்துவந்து காயிலுக்குச் சூடு கொடுத்தான். வார்னிஷ் வாடை வர ஆரம்பித்தது, நம்பர் நடுங்கியது, சட்டென்று மீட்டரில் ஒன்றுமே இல்லை. ஆறவிட்டதும் பழைய நம்பர் திரும்பி வந்தது. அந்த வள்ளத்துக்காரரும் சிடிஐ வாங்கத்தான் மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

பிளைவீலைக் கழற்றும்போது அதைத் தண்டில் நகராமல் பிடிக்கும் சின்னச் சாவியையும் பார்த்துவிடு. தேய்ந்திருந்தால் டைமிங் மாறும், கயிறு கையைப் பின்னுக்கு வெட்டும். ராத்திரி வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும் நல்லது. பிளக் கேப்பில் கீறல் இருந்தால் நீலமாகக் கரண்டு வெளியே ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம், கரை வருவதற்கு முன் மண்ணெண்ணெயிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறாயா? கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலையில் பிளக் நனைந்து பிடிக்காது, அதற்கும் பழி கரண்டு மேல்தான் விழும்.

இது சரியாகும் வரை தனியாகப் போகாதே மச்சான். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பலக்கும் நேரம், எஞ்சின் நின்றால் படகு கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போகும். இன்னொரு படகோடு சேர்ந்தே போ, நங்கூரக் கயிறும் துடுப்பும் இல்லாமல் இறங்காதே.

காயிலைச் சூடாகவும் குளிராகவும் அளந்து, இரண்டு நம்பரையும் எஞ்சின் மாடலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. என்னிடம் ஒரு நல்ல காயில் இருக்கிறது. பொருந்துமென்றால் தூத்துக்குடி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்