டீசல் ஜெனரேட்டரை நிறுத்தி, மாட்டிய சோலாரை ஓட்டக் கோரும் மனு (மூன்றாம் முறை)

அனுப்புநர்:
பம்ப் ரூமுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து பலகாரம், வத்தல் போட்டு விற்பவர்,
ஊரணித் தென்கரைத் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஊரணிக்கரை பம்ப் ரூம் டீசல் ஜெனரேட்டர் புகை – நிவாரணம் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சித்திரையில் நேரில் கொடுத்த மனு, ஆடியில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. இரண்டுக்கும் ரசீது உண்டு, பதில் இல்லை.

ஐயா,

வணக்கம். இடத்துக்கு வழி சொல்லத் தேவையில்லை. சோலார் திறப்பு விழாவன்று வெயில் தாங்காமல் தாங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தீர்களே, அந்த வீடுதான்.

1. நகராட்சி டீசலைக் குறைத்துச் சூரிய ஒளிக்கு மாறுகிறது என்று அன்று மேடையில் சொன்னார்கள். குப்பை வண்டி பேட்டரிக்கு மாறியது, தெருவிளக்கு எல்இடி ஆனது. அதற்கு நன்றி.

2. பம்ப் ரூம் மாடியில் பேனல் மாட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜெனரேட்டர் மட்டும் நிற்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட்டை நிறுத்தும் நாளில், மேலே உச்சி வெயிலில் பேனல் சும்மா கிடக்கிறது, கீழே ஜெனரேட்டர் ஓடுகிறது. மற்ற நாளில் லோ வோல்டேஜ் என்று சொல்லி ஓட்டுகிறார்கள்.

3. அதன் புகைக்குழாய் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. இந்தச் செட்டிநாட்டுச் சீமை வீடுகளில் முற்றத்தை வானம் பார்க்க விட்டது காற்றும் வெளிச்சமும் மழையும் இறங்குவதற்கு. இப்போது முதலில் இறங்குவது டீசல் புகை. வீடு எங்களுடையது அல்ல, சென்னையில் இருக்கும் ஆச்சிக்காகப் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் பிழைப்பு அந்த முற்றத்தில் விரிக்கும் பாயில்தான் இருக்கிறது. மோர்மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, பகலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட்டு, மறுநாள் மறுபடி காயவைக்க வேண்டும். ஈரமும் உப்பும் இருக்கும் மிளகாய் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆவணியில் எட்டுக் கிலோ அனுப்பினேன். கடைக்காரர் நாலை எண்ணெயில் பொரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, லாரி வாசம் அடிக்குது" என்று மொத்தத்தையும் திருப்பிவிட்டார். மொட்டை மாடியில் காயப்போடு என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். ஓட்டு வீட்டுக்கு ஏது ஐயா மொட்டை மாடி?

மழைத் தண்ணீரும் போயிற்று. ஓட்டுச் சரிவில் வருவதை முற்றத்து மூலையில் அண்டாவில் பிடித்துத்தான் பருப்பு வேகவைப்போம். முதல் மழையை விட்டுவிடுவது வழக்கம். போன ஐப்பசியில் நாலாவது மழைக்கும் அண்டாவில் கறுப்பு ஆடை மிதந்தது. துணியில் வடிகட்டினேன், துணி கறுத்தது, தண்ணீரில் வாசம் போகவில்லை. மழை குறைந்த ஊரில், கண்ணெதிரே பெய்த தண்ணீரைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றினேன். முற்றத்துத் தாழ்வாரப் பத்தியில் படுக்கும் என் மாமியார் இருமிக்கொண்டே பாயைச் சுருட்டிப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

4. சோலார் ஏன் ஓடவில்லை என்று பேனல் மாட்டிய தம்பியைக் கேட்டேன். இது லைனோடு சேர்ந்த இன்வெர்ட்டராம். லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடுமாம். இல்லாவிட்டால் நம் பேனல் கரண்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை அடித்துவிடும். சரி, அது நியாயம். ஆனால் கரண்ட் போகும்போது உதவாத ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு, டீசல் ஒழிந்தது என்று மாலை போட்டுக்கொண்டது என்ன நியாயம்? பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் போட்டால், லைனைத் துண்டித்துவிட்டுத் தனியாக ஓட்டலாமாம். பேட்டரி பற்றிக் கேட்க டெல்லிக்கா போக வேண்டும்? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அங்கே பேட்டரி ஆராய்ச்சியே நடக்கிறது.

5. பேட்டரிக்குப் பணம் இல்லையா, அதுவும் வேண்டாம். கரண்ட் லைனே போகாத தோட்டங்களில் சோலார் பம்ப்செட் வெயிலிலேயே தண்ணீர் இறைக்கிறது, அரசே மானியம் தருகிறது. அதுபோல ஒரு மோட்டாரைப் பேனலோடு நேராக இணையுங்கள். பகலில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு, விடியற்காலையில் வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். தொட்டியில் ஏறின தண்ணீரே சேர்த்துவைத்த கரண்ட்தானே! எட்டாவது படித்த எனக்குத் தோன்றியது எஞ்சினியருக்குத் தோன்றாதா?

6. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு என்று என் மகன் சொல்கிறான். கிலோக் கணக்கு எனக்குத் தெரியாது. தூண் துடைக்கும் துணி தெரியும்.

7. போன வாரம் தங்கள் ஆட்களே வீடு வீடாக வந்து, 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம், போடுங்கள் என்றார்கள். பேசும்போதே ஜெனரேட்டர் கிளம்பியது. மூக்கைப் பொத்திக்கொண்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஐயா, ஜெனரேட்டரை இன்றே தூக்கச் சொல்லவில்லை. தெருவுக்குத் தண்ணீர் வேண்டும், அது எனக்கும் தெரியும். பேனலை ஓட்டும் வரைக்குமாவது புகைக்குழாயை உயர்த்தி, ஊரணிப் பக்கம் திருப்பிவிடுங்கள். ஒரு வெல்டர், அரை நாள் வேலை. அதையாவது செய்யுங்கள் ஐயா. மார்கழி கழிந்ததும் வத்தல் வெயில் வந்துவிடும். அதற்குள் செய்து தருமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு:
1. முந்தைய மனுக்களின் ரசீது நகல் – 2.
2. 'சூரிய ஒளியில் இயங்கும் நீரேற்று நிலையம்' என்ற பெயர்ப்பலகையின் போட்டோ – 1. 'சூரிய' என்ற எழுத்து கரியில் மறைந்துவிட்டது, பலகை அதுதான்.
3. திரும்பி வந்த மோர்மிளகாய் – ஒரு பொட்டலம். தின்ன வேண்டாம், மோந்து பார்க்கவும்.