22 நிமிடக் குரல் பதிவுக்கு நன்றி

நம் உணவு வலையமைப்பின் நண்பர்கள் எல்லோருக்கும்,

ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ள நாம் நடத்திய அமர்வுகளில் ஆறாவதும் நேற்று முடிந்தது. ஆற அமர எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் மனசில் இருக்கிற ஈரம் காய்ந்துவிடும். அதனால் தூங்கி எழுந்த கையோடு எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குரல் பதிவு.

ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ளும் அமர்வுகளை எல்லோரும் சேர்ந்தே திட்டமிட வேண்டும் என்று பொது ஆவணம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றுதான் அறிவிப்பு. 9 பக்கம் வளர்ந்தது. எழுதியவர்கள் யாரென்று பார்த்தால், அதைத் திறந்துவைத்த அதே நாலு பேர். விதை சேமிப்பவர்கள், பள்ளிச் சமையற்கூடங்களில் இருப்பவர்கள், மீந்த உணவைச் சேகரித்து வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் யாருமே ஒரு வரி எழுதவில்லை. "அவங்களுக்கு ஆர்வம் இல்லபோல" என்று ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். அதற்கு மன்னிப்பு கேட்டாயிற்று, ஆனாலும் உறுத்தல் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்குக் குழுவில் 22 நிமிடப் பதிவு ஒன்று வந்து விழுந்தது. அனுப்பியவர் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா. பெயர் போடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறார். "வண்டி ஓட்டுறவங்க, கை வேலையா இருக்கிறவங்க எல்லாம் இத எங்க உக்காந்து படிக்கப் போறீங்க? நான் படிக்கிறேன், கேட்டுக்கிட்டே வேலையப் பாருங்க" என்று ஆரம்பித்து, ஆவணத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். பாதியில் கதவு தட்டப்பட, "இருங்க, வர்றேன்" என்று எழுந்து போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மூன்றாம் பக்கத்தில் 'பல்தரப்புப் பங்குதாரர்களின் திறன் மேம்பாட்டு ஒருங்கிணைவு' என்று ஒரு தலைப்பு. அக்கா ஒருமுறை படித்தார். நிறுத்தினார். இன்னொரு முறை, ஒவ்வொரு சொல்லாக. "இது எனக்குப் புரியலீங்க. புரிஞ்சவங்க சொல்லுங்க" என்றுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். குரலில் கிண்டல் துளியும் கிடையாது, அதனால்தான் சுருக்கென்று தைத்தது. தலைப்பை எழுதியவன் நான். எனக்கும் அது என்னவென்று தெரியாது.

விடிந்ததும் பதில்கள் வரத் தொடங்கின, எல்லாமே குரலாக. உணவு வண்டி ஓட்டும் தம்பி கேட்டார்: "சேகரிச்ச சாப்பாட்ட எப்ப வரைக்கும் கொடுக்கலாம்? நான் மோந்து பாத்துத்தான் முடிவு பண்றேன், சரியா?" அரை மணி நேரத்தில் அக்காவே பதில் போட்டார். "மூக்க நம்பாதீங்க தம்பி. வாடை மாறாமலே கிருமி பெருகும். 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்லன்னா 5 டிகிரிக்குக் கீழ குளிர்ச்சியா இருக்கணும். சமைச்சத ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. எங்ககிட்ட குத்திப் பாக்கிற வெப்பமானி இருக்கு, எப்படிப் பாக்கிறதுன்னு காட்டுறேன்." நாங்கள் இன்னும் தேதிகூடக் குறிக்கவில்லை, முதல் அமர்வில் பாதி நடந்து முடிந்திருந்தது.

ஹாரிசன் ஓவன் என்று ஒருவர். மெனக்கெட்டு ஒரு மாநாடு நடத்தினார், வந்தவர்கள் காபி இடைவேளைதான் பிரமாதம் என்றார்கள். மனிதர் சளைக்கவில்லை, 1985-இல் அந்த இடைவேளையையே மாதிரியாக வைத்து, எதைப் பேசுவது என்று வந்தவர்களே முடிவு செய்துகொள்ளும் 'திறந்தவெளிக் கூட்டம்' (Open Space) என்ற முறையைக் கொண்டுவந்துவிட்டார். இந்தக் கதையை நான் எத்தனையோ பயிற்சிகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். நம் ஆவணத்தில் இடைவேளைக்கு நான் ஒதுக்கியிருந்தது 10 நிமிடம்.

மற்றவர்களையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே நேரத்தில் விழுந்த இரண்டு அமர்வுகளைச் சத்தமில்லாமல் நகர்த்திவைத்தவர், மொழிபெயர்த்தவர்கள், கடிகாரத்தோடு உட்கார்ந்து என் பேச்சையும் நிறுத்தியவர், எல்லோருக்கும் நன்றி. மூன்று மூன்று பேராகப் பிரித்து, சிக்கலைச் சொன்னவர் முதுகைத் திருப்பிக்கொண்டு மற்ற இருவர் பேசுவதைக் கேட்க மட்டும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தவருக்குத் தனி நன்றி. முகம் பார்க்காதபோது மனிதர்கள் எவ்வளவு நேர்மையாக யோசனை சொல்கிறார்கள்! விதை அமர்வை வகுப்பாக நடத்த மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்த இருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில் உழவர்கள் வயலில் பார்த்ததைப் பெரிய தாளில் தாங்களே வரைந்து பேசுவார்கள். அதே வழியில் இவர்களும் ஈரத்துணியில் சுற்றிய 100 விதைகளைப் பிரித்து, முளைத்ததை எண்ண வைத்தார்கள். 61. சேமித்தவர் முகம் வாடியதையும், பக்கத்தில் இருந்தவர் "எனக்குப் போன வருசம் 40தான்" என்றதையும் மறக்க மாட்டேன்.

அடுத்த சுற்றுக்கு நான் எழுதும் எதையும் முதலில் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் குழுவில் போடுவேன். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அந்த வரியை அடித்துவிடுவேன். இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன், மீறினால் எல்லோரும் கேளுங்கள்.

அக்கா, உங்கள் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. நேற்று இரவும் ஒருமுறை கேட்டேன். பாதியில் கதவைத் தட்டியது யார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.