சித்தப்பாவுக்கு: பன்றிக்கு விடும் நாய்கள் பற்றி

லஃப்கின், டெக்சாஸ்
ஜனவரி 18

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நம் கோம்பை இனப் பொட்டை நாய்க்கு, இங்கே ஹவுண்ட் என்கிற மோப்ப வேட்டைநாயின் கலப்புப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் பைன் காடும் நெச்செஸ் ஆற்றுப் படுகையும். ஸ்பானியர் காலத்தில் வந்த பன்றி, காட்டில் பெருகிக் கிடக்கிறது. ஒரே இரவில் புல்வெளியை ஏர் ஓட்டினதுபோலப் புரட்டிவிடும். தனியார் நிலத்தில் பன்றி அடிக்க 2019 முதல் லைசென்ஸ்கூட வேண்டாம், நிலக்காரர் அனுமதி போதும். மானுக்கு நாய் விடுவது மட்டும் குற்றம். ஆகவே மான் வாடை பட்டாலும் திரும்பாத நாய்தான் இங்கே நாய்.

கர் என்றால் ஆங்கிலத்தில் நாதியற்ற நாய் என்று வசவு. தெற்கத்திக்காரர்களுக்கு அது மாடு மடக்கவும் பன்றி மறிக்கவும் வளர்த்த தனி வகை. பிளாக் மவுத் கர் என்று ஒன்று, செவலை நிறம், கருத்த வாய். பார்த்தால் நம் கோம்பைக்குத் தம்பி என்பீர்கள். கட்டாஹூலா என்று புள்ளிபோட்ட இன்னொன்று, 1979 முதல் லூசியானாவின் மாநில நாய். கர் சொன்ன பேச்சுக் கேட்கும், சத்தமில்லாமல் தேடும், ரொம்ப தூரம் போகாது. ஆனால் சூடான தடம்தான் அதற்குப் பிடிபடும். பன்றி கடந்து பல மணி நேரம் ஆகிவிட்டால் மூக்கு கைவிட்டுவிடும்.

ஹவுண்டுக்கு நேர் எதிர் குணம். பிளாட், வாக்கர், புளூடிக் என்ற ஹவுண்ட் இனங்கள் எல்லாம் ஆறிப்போன தடத்தையும் விடாது, மைல் கணக்கில் ஓடும், ஓடும்போதே கத்தும். கரடிக்கு அது நல்லது, கரடி மரமேறி நின்றுவிடும். பன்றி மரமேறாது. சத்தம் கேட்ட உடனே அரை மைல் முன்னால் ஓட ஆரம்பிக்கும். நூறு இருநூறு ஏக்கர் நிலத்தில் ஹவுண்ட் விட்டால் பக்கத்துக்காரர் வேலிக்குள்ளோ நெடுஞ்சாலையிலோதான் போய் முடியும்.

அதனால்தான் கலப்பு. ஹவுண்ட் மூக்கும் கர் புத்தியும் சேர வேண்டும். பாதிக்குப் பாதி போட்டால் முதல் ஈத்துக் குட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். அதில் இரண்டை மறுபடி ஒன்றோடொன்று சேர்த்தால் குணம் சிதறும்: ஒன்று ஊமை, ஒன்று ஊரைக் கூட்டும், ஒன்று கூப்பிட்டால் வராது. பாதிக் கலப்பைத் திரும்பக் கரோடு சேர்த்து, ஹவுண்ட் இரத்தத்தைக் கால் பங்கில் நிறுத்துவதுதான் ஆற்றுப் படுகைக்கு ஏற்றது. அதிலும் ஈத்துக்கு எட்டுக் குட்டி இருந்தால் இரண்டோ மூன்றோதான் உருப்படியாகத் தேறும்.

எதைத் தேறினது என்கிறேன் என்றால், பன்றியைக் கடிக்காத நாயை. சித்தப்பா, இதைத்தான் நம்மவர்கள் நம்ப மாட்டார்கள். மரத்தூரில் முதுகு கொடுத்து நிற்கும் கடுவன் பன்றிக்கு முன்னால், இரண்டடி தள்ளி நின்று, அது பாய்ந்தால் விலகி, திரும்பினால் மறுபடி வந்து, ஒரு மணி நேரமானாலும் விடாமல் குரைக்க வேண்டும். பாய்ந்து பிடிக்கிற நாய் இரண்டு சீசன் தாண்டாது. பன்றியின் கீழ்க்கோரை மேல்கோரையில் உரசி உரசித் தீட்டின கத்தி. தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் நாயின் அக்குளும் கழுத்தும்தான் முதலில் கிழியும்.

இந்தக் குணம் பாதி இரத்தம், பாதி பழக்கம். ஐந்தாறு மாதத்தில் பட்டியில் அடைத்த பன்றியை வேலிக்கு வெளியிலிருந்து காட்டுவார்கள். ஒரு வயதை ஒட்டி, தேர்ந்த நாய் இரண்டோடு ஒரே ஒரு இளசை விடுவார்கள். இளசு இரண்டானால் ஒன்றையொன்று உசுப்பி மேலே விழும். குட்டிப் பன்றியையே காட்டிப் பழக்கினாலும் கெட்டது: எளிதாகப் பிடித்து ருசி கண்ட நாய், 100 கிலோப் பன்றியிடமும் அதையே செய்யும். முதல் வேட்டையிலேயே அடி வாங்கின குட்டியோ அப்புறம் காட்டுக்குள் இறங்காது.

மறிக்க மூன்று நாய் போதும். ஐந்தாறு போனால் பன்றி நிற்காமல் உடைத்துக்கொண்டு ஓடும். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை, கையில் திரை. புள்ளிகள் ஒரே இடத்தில் நின்று, நீட்டி ஊளையிட்ட குரல் வெட்டிவெட்டிக் குரைப்பாக மாறினால் பன்றி நின்றுவிட்டது என்று அர்த்தம். காற்றுக்கு எதிரே சத்தமில்லாமல் நெருங்கி, ஐம்பது அறுபது மீட்டரில் பிடிநாயை அவிழ்ப்பார்கள். அது புல்டாக் வகை, காதைக் கவ்வினால் விடாது. ஒருவர் பின்னங்காலைத் தூக்கிப் புரட்ட, முன்னங்காலுக்குப் பின்னால் கத்தி இறங்கும். நாய்கள் சூழ்ந்திருக்கையில் துப்பாக்கி எடுப்பது மடத்தனம்.

கெவ்லார் என்ற எளிதில் கிழியாத துணிக் கவசம் பிடிநாய்க்கு மட்டும். ஓடுகிற நாய்க்குக் கவசம் போட்டால் வெட்டில் சாகாது, சூட்டில் சாகும். அதற்கு அகலமான கழுத்துப்பட்டை போதும். நாக்கு கருஞ்சிவப்பாகி, நாய் தள்ளாடினால் உடனே நிறுத்த வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி 41 டிகிரி காட்டினால் உயிர் ஊசலாடுகிறது. வயிறு தொடையெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே வண்டியில் ஏற்ற வேண்டும்.

கிழிந்த தோலுக்கு ஸ்டேப்லர் அடிக்கலாம். குத்தின ஓட்டையை மூடவே கூடாது, உள்ளே சீழ் வைக்கும். நெஞ்சுக் காயத்தில் காற்று உறிஞ்சும் சத்தம் வந்தால் மட்டும் சமையலறை பிளாஸ்டிக் தாளை ஒட்டி அடைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

பச்சைப் பன்றிக்கறியை நாய்க்குப் போடவே கூடாது. சூடோரேபிஸ் என்ற கிருமி தொற்றினால் நாய் முகத்தைப் பிறாண்டிப் பிறாண்டி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். மருந்து கிடையாது. அறுக்கிற மனிதருக்கும் புருசெல்லா என்ற கிருமியால் காய்ச்சல் வரலாம், கையுறை கட்டாயம்.

இப்போது உங்கள் கேள்வி. கலப்புப் போட வேண்டாம் சித்தப்பா. இங்கே கரிடம் தேடுகிற துணிச்சலும் கட்டுப்பாடும் கோம்பையிடமே இருக்கிறது. ஹவுண்ட் மூக்கைச் சேர்த்தால், அதைக் காட்டில் விட்டுச் சோதித்துக் கழிக்க வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் நம் ஊரில் அதற்கு வழியில்லை. சோதிக்காத கலப்பு, இரவெல்லாம் கத்தி வீட்டுக்காரரை எழுப்புகிற நாயாகத்தான் நிற்கும். கருத்த வாயும் நல்ல மார்பும் உள்ள கோம்பைக் கடுவனையே கம்பம், உத்தமபாளையம் பக்கம் விசாரியுங்கள். பொட்டைக்கு இரண்டு வயது நிறைந்த பிறகு சேருங்கள். கடுவன் கிடைத்தால் பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள். பின்னங்கால் எலும்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்