2300 இராப்பகல் கணக்கு

ஐயா,

உலக முடிவு குறித்த தங்கள் கட்டுரை, அமெரிக்க வானொலிப் போதகர் ஹரால்ட் கேம்பிங் சொன்ன 2011 மே 21-ஐ மட்டுமே பேசுகிறது. கதை பழையது. வேதாகமத்தின் தானியேல் 8:14-இல் வரும் 2300 இராப்பகலை 2300 ஆண்டுகளாக எடுத்துக்கொண்டார் அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லர். எருசலேமைத் திரும்பக் கட்டும்படி பாரசீகத்தின் அர்தசஷ்டா ராஜா இட்ட கட்டளைக்கு உரியதாக அவர் கொண்ட கி.மு. 457-இலிருந்து எண்ண, கிறிஸ்து திரும்பி வரும் ஆண்டாக 1843 கிடைத்தது. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே சுழிய ஆண்டு கிடையாதே! கணக்கு 1844-க்கு நகர்ந்தது. அக்டோபர் 22 என்று நாள் குறித்தவர் சாமுவேல் ஸ்னோ. அறுவடையை அப்படியே விட்டவர்களும் உண்டு. மறுநாள் வழக்கம்போல் விடிந்தது.

‘தேதி சரி, நிகழ்ந்தது பரலோகத்தில்’ என்று ஒரு சாரார் விளக்கம் சொன்னார்கள். ஏழாம் நாள் அட்வெந்து சபை அவர்களிடமிருந்தே வளர்ந்தது. அந்த நாளை ஒருவரும் அறியார் என்னும் மத்தேயு 24:36, கேம்பிங்குக்கு 2012-இல்தான் உறைத்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்