ஓரத்துக் கட்டிலுக்கு ஒரு டிவி

ஆறுமுகநேரி
9.11.2025

அன்புள்ள லெச்சுமிக்கு,

இங்க எல்லாரும் நலம். அங்க நீ, அண்ணாச்சி, பிள்ளைங்க எல்லாரும் நலந்தான? சித்திரையில நீ எழுதின கடிதம் இன்னும் என் தலகாணிக்கு அடியிலதான் கிடக்கு. ஏழு மாசமா பதில் போடலன்னு திட்டணும்னா திட்டு, ஆனா இதை முழுசா படிச்சிட்டுத் திட்டு. போன்ல சொல்லலாம்னா நீ பாதியில "சரிட்டி, அடுப்புல பால் இருக்கு"ன்னு வச்சிருவே. உன் வீட்டுப் பால் நான் பேசுறப்ப மட்டும்தான் பொங்கும்.

அப்பாவுக்கு ஆனி மாசம் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். இப்பப் பேச்சு நல்லாத் தெளிஞ்சிருச்சு. வலது கையும் காலும்தான் இன்னும் முழுசா வரல. கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து தெற்குச் சன்னலோரமாப் போட்டிருக்கோம். பாத்ரூம் கதவு அந்தப் பக்கம் இருக்கதால வேற எங்கயும் போட முடியாது. டிவி இருக்கது மேற்குச் சுவர்ல. அதனால அவரு படுத்த வாக்குல டிவியை நேரா இல்ல, நல்லா ஓரத்துல இருந்துதான் பார்க்க முடியும். இதை மனசுல வச்சுக்கோ. நான் எழுதப்போறது எல்லாம் இந்தக் கட்டிலைச் சுத்தித்தான்.

தீபாவளிக்கு மறுநாள் பழைய 32 இஞ்ச் டிவி போயிருச்சு. சத்தம் வருது, படம் இல்ல. சின்னவன் போன் டார்ச்சைத் திரை மேல சாய்ச்சு அடிச்சுக் காட்டினான். உள்ள ஆளுங்க நடமாடுறது மங்கலாத் தெரிஞ்சுது. படம் உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு, பின்னாடி வெளிச்சம் குடுக்குற எல்இடி பட்டை கருகிப் போச்சுன்னான். மெக்கானிக் வந்து 2,200 ரூபாய்க்குப் பட்டை மாத்தினாரு. ஒன்பது நாள் ஓடுச்சு. அப்புறம் திரையில குறுக்கும் நெடுக்குமாக் கோடு. "உப்புக்காத்து போர்டைத் தின்னுருச்சுக்கா, இதுக்கு மேல காசு போடாதீங்க"ன்னுட்டாரு.

மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடி நாலு நாள் அப்பா அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கிட்டுச் செய்தி கேட்டாரு. டிவி என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கல. நான்தான் அடுக்களையில நின்னு அழுதேன்.

மாடியில கிடந்த அரசு டிவியை இறக்கினோம். 2006 எலெக்‌ஷன்ல சொல்லிக் குடுத்தாங்களே, அந்த 14 இஞ்ச் கலர் டிவிதான். இன்னும் ஓடுது! தூசியைத் துடைச்சு, கேபிள் பெட்டியில இருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரைச் சொருகினோம், படம் வந்திருச்சு. ஆனா புரை ஆபரேஷன் பண்ணின கண்ணுக்கு அதுல அடியில ஓடுற எழுத்துத் தெரியல. சரி, புதுசு வாங்கிருவோம்னு கிளம்பினேன். சீட்டு எடுத்ததுல 32,000 கையில இருக்கு. அதுல பிசியோதெரபிக்கு எடுத்து வச்சது போக டிவிக்கு 25,000. அதுக்கு மேல ஒத்த ரூபாய் கிடையாது.

ஒரு நல்ல காலம் என்னன்னா, செப்டம்பர் 22-ல இருந்து 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவிக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாயிருச்சு. 20,000 ரூபாய் சரக்குக்கு முன்னால 25,600 குடுக்கணும், இப்ப 23,600. எனக்கு அந்த 2,000 பெரிய காசு. 32 இஞ்சுக்கு ஏற்கனவே 18-தான், அதுல மாற்றம் இல்ல. அதனாலதான் 43 இஞ்ச் பக்கம் மனசு போச்சு. குறுக்க அளந்தா 109 சென்டிமீட்டர். 32-க்கும் 43-க்கும் 11 இஞ்ச்தான வித்தியாசம்னு நினைக்காதே, திரையோட பரப்பைக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ஒன்னே முக்கால் மடங்கு. அப்பா கட்டில்ல இருந்து சுவருக்கு ஏழடி. அந்தத் தூரத்துக்கு 43 அளவா இருக்கும். 55 எல்லாம் நம்ம ஹாலுக்கு வேண்டாம்.

தூத்துக்குடியில ஒரு பெரிய கடைக்குப் போனேன். உள்ள நுழைஞ்சதும் கண்ணு கூசுது. சுவர் முழுக்க டிவி, எல்லாத்துலயும் ஒரே படம், பூ விரியுது, கலர் மீன் நீந்துது. எந்த டிவியும் அதுல அழகாத்தான் தெரியும். கடையில எல்லாத்தையும் உச்ச வெளிச்சத்துல, கலரைக் கூட்டி வச்சிருக்காங்க. "தம்பி, இதை எடுத்துட்டுச் செய்தி சேனல் போடுங்க, வீட்டு மோடுல வைங்க"ன்னேன். அந்தப் பையன் அதைப் பண்ணாம, க்யூஎல்இடி, 55 இஞ்ச், மாசம் இவ்வளவுதான்னு பேசிக்கிட்டே போறான். க்யூஎல்இடின்னா ஏதோ புதுத் திரைன்னு நானும் நினைச்சிருந்தேன். அதுவும் பின்னாடி இருந்து வெளிச்சம் அடிக்கிற எல்சிடிதான், கலரைக் கூட்ட நடுவுல ஒரு படலம் வச்சிருக்காங்க. ஓஎல்இடிதான் வேற சாதி. அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், அணையும், ஓரத்துல இருந்து பார்த்தாலும் கலர் மாறாது. விலையைக் கேட்டேன், நம்ம சீட்டு ரெண்டு மூணு எடுத்தாலும் பத்தாது.

அப்புறம் ஒரு டிவிக்குப் பக்கவாட்டுல போய், தரையில முட்டி போட்டு உட்கார்ந்தேன். அப்பா தலை இருக்க உயரம் அதுதான். அங்கயிருந்து பார்த்தா, லெச்சுமி, செய்தி வாசிக்கிற பிள்ளை முகம் வெளுத்து, சாம்பல் பூசின மாதிரி இருக்கு! நேரா நின்னப்ப கருகருன்னு இருந்த தலைமுடி நரைச்சுப் போச்சு. நாலு டிவி தள்ளி இன்னொன்னு, அதே விலைதான், அதுல முகம் முகமாவே இருக்கு. பையன் ஓடிவந்து "என்னாச்சும்மா, மயக்கமா?"ன்னு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டாந்து போட்டான். நல்ல பிள்ளைதான்.

வீட்டுக்கு வந்து சின்னவன்கிட்ட கேட்டேன். எல்சிடியில பேனல், அதான் படம் தெரியுற திரை, ரெண்டு வகையாம். விஏன்னு ஒன்னு, ஐபிஎஸ்னு ஒன்னு. விஏ-யில கருப்பு நல்ல கருப்பா இருக்கும், வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் 3,000-க்கு 1-ன்னு கணக்கு சொல்றாங்க. ஆனா நேரா உட்கார்ந்து பார்க்கணும், ஓரத்துக்குப் போனா வெளுத்துரும். ஐபிஎஸ்-ல அது 1,000-க்கு 1 அளவுதான், இருட்டு அறையில கருப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியும். ஆனா பக்கத்துல இருந்து பார்த்தாலும் கலர் அப்படியே நிக்கும். நம்ம ஹால்ல பகல் முழுக்கச் சன்னல் திறந்து கிடக்கு, ராத்திரி அப்பா எட்டரைக்குத் தூங்கிருவாரு. வெளிச்சத்துல அந்தச் சாம்பல் யாருக்குத் தெரியப் போகுது? அப்பாவுக்கு வேண்டியது ஐபிஎஸ்-தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா இதை எந்த அட்டைப் பெட்டியிலயும் போட மாட்டேங்கிறாங்க! பெட்டி முழுக்க 4கே, எச்டிஆர், டால்பி அப்படின்னு எழுதி வச்சிருக்கான். விஏ-யா ஐபிஎஸ்-ஸான்னு ஒரு வரி இல்ல. ஒரே மாடல் நம்பர்லயே ஒரு தடவை அது வரும், ஒரு தடவை இது வரும்னு சின்னவன் சொல்றான். காசு குடுக்குறவளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா? பாதி வீட்டுல கட்டில் ஓரமாத்தான் கிடக்கு. எனக்கு இதுல பொறுக்க முடியாத கோவம்.

எச்டிஆரும் அப்படித்தான். வெளிச்சமான இடத்தை இன்னும் பளிச்சுன்னு காட்டுறதுக்குப் பேரு அது. அந்தப் பளபளப்பு தெரியணும்னா திரைக்கு நல்ல வெளிச்சம் வேணும். அதை நிட்ஸ்னு ஒரு கணக்குல அளக்காங்க, நம்ம விலையில உள்ளதெல்லாம் 250, 300 நிட்ஸ்தான். படத்தை வாங்கிக்கிடும், காட்ட முடியாது. அதுக்குக் காசு குடுக்காதே, நீயும் யாருக்காச்சும் சொல்லு.

இதுக்கு இடையில ஒரு நாள் ராத்திரி நம்ம பஞ்சாயத்து டிவி ஞாபகம் வந்துச்சு. மரப்பெட்டி, ரெண்டு கதவு, பூட்டு. சாவி அப்பா இடுப்புல. கொடைக்கானலைப் பார்த்து ஒரு ஆன்டெனா, இலங்கையைப் பார்த்து ஒரு ஆன்டெனா. கடல் காத்து நல்லா இருந்த நாள்ல இலங்கை டிவி ரூபவாகினி பளிங்கு மாதிரி விழும். பிதுருதலாகல மலையில இருந்து வருதுன்னு அப்பா சொல்ல, கோமதி அந்தப் பேரைச் சொல்லத் தெரியாம ஒரு வாரம் திணறினாளே, ஞாபகம் இருக்கா? நீ மட்டும் என்ன, அதைப் "பிள்ளையார் தலை"ன்னவதான.

நான் நினைச்சுப் பார்த்தது வேற. நம்ம எல்லாரும் மண்ணுல நேரா உட்கார்ந்திருப்போம், பொம்பளைங்க இடது பக்கம், ஆம்பளைங்க வலது பக்கம். அப்பா எங்க இருந்தாருன்னு யோசி. பெட்டிக்குப் பக்கத்துல, சுவரோட ஓரமா நிப்பாரு. படம் ஆடினா பூஸ்டரைத் திருப்பணும், கரண்ட் போனா அணைக்கணும், சின்னப் பிள்ளைங்க முன்னால போனா இழுத்து உட்கார வைக்கணும். எத்தனை வருஷம்! ஒரு நாள் கூட அவரு நடுவுல உட்கார்ந்து பார்த்ததை நான் பார்த்ததில்ல. அந்தக் குழாய் டிவிக்கு ஓரம் நடுன்னு பேதம் கிடையாது, எங்க நின்னாலும் ஒரே முகம் காட்டும். அதனால அவருக்கு ஒன்னும் குறையல. இப்பக் கட்டிலும் ஓரத்துலதான் கிடக்கு. இந்த வயசுல, 82-ல, அவருக்கு வெளுத்துப் போன முகத்தைக் காட்டுறதுக்கு என் மனசு ஒப்பல. அதுக்குத்தான் இவ்வளவு அலைச்சல். வீட்டுல இவுக கூட "ஒரு டிவிக்கு மூணு வாரமா?"ங்கிறாக. உனக்குப் புரியும்னுதான் எழுதுறேன்.

மத்ததெல்லாம் சுருக்கமாச் சொல்லிர்றேன். கேபிள் பெட்டி பழசு, படத்தை 576 கோடாத்தான் அனுப்புது, அதை 2,160 கோடு உள்ள 4கே-யில போட்டா இழுத்து ஒட்டின மாதிரி கலங்கலா இருக்கும். அதனால எச்டி பெட்டி மாத்தச் சொல்லிட்டேன், எச்டிஎம்ஐ ஒயரும். கரண்ட் பில்லுக்குப் பயந்தேன். 43 இஞ்ச் சுமார் 80 வாட்ஸ், நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 48 யூனிட். 100 யூனிட் இலவசத்துல பாதியை அதுவே எடுத்துரும், ஆனா தாங்கிரலாம். ஸ்டெபிலைசர் வாங்கணும்னு கடையில ஒத்தக்கால்ல நின்னாங்க. டிவி பின்னாடி 100-240 வோல்ட்னு ஒட்டியிருக்கு, எதுக்கு? ஆனா இடி இடிச்சா பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிருவேன், ஐப்பசி மழைக்கு அது முக்கியம்.

ரெண்டு விஷயம் மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டியது. ஒன்னு சத்தம். இந்த ஒல்லி டிவியில ஸ்பீக்கர் கீழயோ பின்னாடியோ பார்த்து இருக்கு. அப்பாவுக்கு இடது காது ஏற்கனவே மந்தம். புளூடூத் ஸ்பீக்கர் வச்சா வாய் ஒரு நேரம் அசையுது, பேச்சு ஒரு நேரம் வருது. சின்னவன் ஒரு வழி கண்டுபிடிச்சான். கேபிள் பெட்டியில படம் எச்டிஎம்ஐ-யில போகும்போதே, அந்தப் பழைய சிவப்பு வெள்ளை ஓட்டையிலயும் சத்தம் வருது! அதுல இருந்து நம்ம பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்து அப்பா தலைமாட்டுல வச்சுப் பார்த்தான். காதுக்குப் பக்கத்துல அளவாக் கேட்குது, தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்க வேண்டாம். அப்பா சிரிச்சுட்டாரு.

இன்னொன்னு, கரண்ட் போய் வந்தா டிவி எங்க போய் நிக்குதுங்கிறது. சில டிவி படம் படமா ஆப் இருக்க முதல் பக்கத்துலயே நின்னுருது. அப்பாவால இடது கையில ரிமோட்டைத் தடவி அதைத் தாண்ட முடியாது. நேரா கேபிள் பெட்டிக்குப் போற மாதிரி வைக்க முடியணும். கடையில பிளக்கைப் பிடுங்கிச் சொருகிக் காட்டச் சொன்னேன், அதுல ஒரு டிவி தோத்துப் போச்சு.

இப்ப ரெண்டு டிவி மிஞ்சியிருக்கு. முதலாவது 23,490, ஓரத்துல இருந்து பார்த்தா நல்லா இருக்கு, ஆனா வாரண்டி ஒரே வருஷம். பேனல் போனா டிவி விலையில முக்கால்வாசி கேட்பாங்க. இந்த உப்புக்காத்துல ஒரு வருஷம்னா பயமா இருக்கு. ரெண்டாவது 24,990, பேனலுக்கு மூணு வருஷம். ஆனா கடையில அதை உசரத்துல மாட்டியிருக்கான், கட்டில் உயரத்துல இருந்து எப்படித் தெரியும்னு என்னால பார்க்க முடியல. அந்த ரெண்டாவது, நீ போன வருஷம் வாங்கின கம்பெனி, அதே வரிசை.

அதனால உன்கிட்ட கேட்கிற உதவி இதுதான். பகல்ல சன்னலைத் திறந்து வை. செய்தி சேனல் போடு. டிவிக்கு நல்லா ஓரமாப் போய், தரையில உட்கார்ந்து பாரு. முட்டுவலி அண்ணாச்சியை உட்கார வைக்காதே, நீயே உட்காரு. முகம் வெளுக்குதா, கருப்பு கருப்பா நிக்குதா, பார்த்துச் சொல்லு. அப்படியே பிளக்கைப் பிடுங்கிச் சொருகி எங்க வந்து நிக்குதுன்னும் பாரு. வாங்கி ஒரு வருஷத்துல மெதுவாயிருச்சான்னும் சொல்லு. என் பெட்டியில வர்றது வேற பேனலா இருந்தாலும் இருக்கும், அது தெரியும். ஆனா நம்ம ரெண்டு பேருல ஒரு ஆள் கண்ணால பார்த்ததுன்னா எனக்குத் தைரியமா இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனி ஆள் முன்னாடிதான் பெட்டியைப் பிரிப்பேன், வெறும் வெள்ளை, வெறும் கருப்பு போட்டு புள்ளி செத்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

சீதா டீச்சருக்கு மகள் வயித்துப் பேத்தி பிறந்திருக்கு. கோமதி தைக்கு வர்றாளாம், நீயும் வா. அப்பா உன்னைக் கேட்டாரு, "அந்தப் பிள்ளையார் தலை எப்படி இருக்கா?"ன்னு. அவருக்கும் மறக்கல.

கடிதம் கிடைச்ச அன்னைக்கே போன் பண்ணு. பாலை இறக்கி வச்சிட்டுப் பண்ணு.

அன்புடன்,
பேச்சி