வாள்வீச்சுப் பிள்ளைகளின் கணுக்காலுக்குப் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய தவணைக்கான வாள்வீச்சுப் பயிற்சிகள் தொடங்கவிருக்கும் இவ்வேளையில், கொழும்பிலுள்ள பயிற்றுவிப்பாளர்களும் பாடசாலை நிருவாகங்களும் கவனிக்க வேண்டிய ஒரு விடயத்தை, அதாவது கணுக்கால் சுளுக்கைக் குறைக்கும் சமநிலைப் பயிற்சியை, தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். நான் வைத்தியர் அல்லேன். வாள்வீச்சுப் பழகும் ஒரு பிள்ளையின் தகப்பன்.

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், சென்னையைச் சேர்ந்த பவானி தேவி சேபர் என்னும் வாள்வகைக்கான பிரிவின் முதற் சுற்றில் 15க்கு 3 என வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்தே என் மகளுக்கு இந்த விளையாட்டின் மீது பித்து. முகக்கவசம், மேற்சட்டை, கையுறை என்று வாள்முனைக்கு அஞ்சி நாங்கள் வாங்கிய பொருட்கள் ஓர் அலுமாரித் தட்டை நிறைத்திருக்கின்றன. காலைப் பற்றி எவரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலைப் பயிற்சியில் வேகமாகப் பின்வாங்கியபோது, சீமெந்துத் தரையில் விரித்திருந்த இறப்பர் விரிப்பின் ஓரத்தில் அவளுடைய இடது பாதம் பாதி உள்ளும் பாதி வெளியுமாக விழுந்து, உள்ளங்கால் உட்புறமாகத் திரும்பிவிட்டது. நாலு அடி ஊன்றி நடக்க முடியாதிருந்ததால் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிவு இல்லை, வெளிப்புறத் தசைநார் சுளுக்கு என்றார்கள். பன்டேஜ், ஐஸ், இரண்டு வார ஓய்வு, இடையில் அம்மம்மாவின் நல்லெண்ணெய். வீக்கம் வற்றியதும் அவளை நேரே போட்டிப் பயிற்சியில் இறக்கினார்கள். ஆறாவது வாரம் அதே கால் மறுபடியும் பிரண்டது.

இரண்டாவது தடவை சென்ற இயன்மருத்துவர் காலைத் தொட்டுப் பார்க்கும் முன்னரே, வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார். வலது காலில் இருபத்தைந்து விநாடி நின்றாள். இடது காலில் நின்றபோது விரல்கள் தரையைப் பிறாண்டின, கணுக்காலின் பக்கவாட்டுத் தசைநாண்கள் வீணைத் தந்தி போலத் துடித்தன, நாலாவது விநாடியில் கை சுவரைப் பிடித்துவிட்டது. வலியும் வீக்கமும் நீங்கியிருந்த கால் அது. கணுக்காலின் தசைநார்கள் எலும்புகளைக் கட்டி வைப்பதோடு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியையும் மூளைக்கு அனுப்புகின்றன என்றும், சுளுக்கில் அந்த உணர்வு மங்கிவிடுவதால், ஒரு தடவை சுளுக்கிய கணுக்காலே மீண்டும் சுளுக்குவதற்கு அதிகம் ஆளாகிறது என்றும் அவர் விளக்கினார். பாதம் பிரள்வது கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவான பொழுதில் முடிந்துவிடுவதால், பிரளத் தொடங்கிய பின் தசை விழித்துக்கொண்டு பயனில்லை. பாதம் தரையைத் தொடும் முன்னரே சரியான கோணத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும். சமநிலைப் பயிற்சி பழக்குவது இந்த ஆயத்தத்தைத்தான்.

வாள்வீச்சில் இதற்குத் தனித் தேவை உண்டு. பதினான்கு மீற்றர் நீளமும் அதிகபட்சம் இரண்டு மீற்றர் அகலமும் கொண்ட ஒடுங்கிய தளத்தில், முன்பாதம் எதிராளியை நோக்கியும் பின்பாதம் அதற்குக் குறுக்காகவும் இருக்க, கண்ணை எதிராளியின் வாளிலிருந்து எடுக்காமல் முன்னும் பின்னும் ஓடும் விளையாட்டு இது. தன் காலைக் குனிந்து பார்க்க ஆட்டக்காரருக்கு நேரமில்லை. லஞ்ச் என்னும் நீண்ட பாய்ச்சலில் முன்குதிகால் உடலின் முழு வேகத்தையும் தாங்கி இறங்குகிறது. அப்போது பாதம் சற்றே உட்புறம் சாய்ந்திருந்தாலும் பாரம் வெளித் தசைநாரில் விழும். இரண்டு கால்களும் வெவ்வேறு வேலை செய்வதால் ஒன்று வலுத்து மற்றது பின்தங்குவதும் இயல்பு. ஆகவே சமநிலைப் பயிற்சியை இரு கால்களிலும் செய்வது அவசியம்.

இது வெறும் நம்பிக்கை அன்று. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கால்பந்தாட்டமும் கூடைப்பந்தாட்டமும் ஆடிய 765 பாடசாலை மாணவர்களுள் ஒரு பகுதியினர் பருவம் தொடங்கும் முன் நான்கு வாரங்கள், வாரத்தில் ஐந்து நாட்களும், பின்னர் பருவம் முழுவதும் வாரத்தில் மூன்று நாட்கள் பத்து நிமிடமும் இப்பயிற்சியைச் செய்தனர். அவர்களில் 6.1 வீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 9.9 வீதத்தினருக்கும் கணுக்கால் சுளுக்கியது. அவர்கள் வாள்வீச்சாளர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் மனிதக் கணுக்காலின் அமைப்பு விளையாட்டுக்கு விளையாட்டு மாறுவதில்லை.

இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. முதலில் தரையில் ஒற்றைக் காலில் முப்பது விநாடி. அது கைவந்ததும் கண்ணை மூடி. பின்னர் மடித்த மெத்தை மீது. அதன்பின் அதே நிலையில் வாளைப் பிடித்துக்கொண்டு, துணைவர் காட்டும் கையுறையைத் தொடுவது. கடைசியாக ஒற்றைக் காலில் குதித்திறங்கி அசையாமல் நிற்பதும், லஞ்ச் போட்டு அப்படியே தரித்து நிற்பதும். எங்கள் வீட்டில் இது சமையலறைக் குழாயடியில், பல் துலக்கும் நேரத்தில் நடக்கிறது. மகளோடு சேர்ந்து நானும் நின்று பார்த்தேன். என் விநாடிக் கணக்கை இங்கே எழுதுவதாக இல்லை.

பயிற்சி மண்டபங்களில் இதனைத் தனி வகுப்பாக வைத்தால் பிள்ளைகள் தட்டிக்கழிப்பார்கள் என்பதால், உடலைச் சூடாக்கும் நேரத்திலேயே சேர்ப்பது நல்லது. அதனினும் முக்கியமாக, சுளுக்கிய பிள்ளை திரும்பி வரும்போது "வீக்கம் போய்விட்டதா?" என்று மட்டும் கேட்டு ஆட்டத்தில் இறக்கும் வழக்கம் நிற்க வேண்டும். கண்ணை மூடி இரு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் நிற்கிறாளா, வலியின்றி ஒற்றைக் காலில் குதித்து இறங்குகிறாளா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பயிற்றுவிப்பாளர்கள் அந்த விநாடிகளை ஒரு கொப்பியில் குறித்து வைக்கலாம். விரிப்புகளின் ஓரங்களை நாடா ஒட்டித் தரையோடு படியச் செய்வது மண்டப நிருவாகத்தினர் ஒரு பிற்பகலில் முடிக்கக்கூடிய வேலை.

என் மகளின் இடது கால் இப்போது பதினெட்டு விநாடி நிற்கிறது. லஞ்ச் பழக இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.